அடுத்தவர் காரை ஓட்டும்போது இன்சூரன்ஸ் எதுவரை கைகொடுக்கும்?

"வண்டி சும்மாதான் நிக்குது, ரெண்டு நாள் எடுத்துட்டுப் போயிட்டு வா" என்று மச்சானோ சித்தப்பாவோ சாவியை நீட்டும்போது, டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம், ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று கேட்போம். பாலிசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டோம். கேட்டால் சந்தேகப்படுவது போல ஆகிவிடுமோ என்ற கூச்சம். ஐந்து நிமிடத்தில் முடிகிற அந்தச் சரிபார்ப்பை விட்டுவிட்டு, பிறகு இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போவதுதான் வழக்கமாக நடப்பது.

இந்தியாவில் மோட்டார் இன்சூரன்ஸ் வண்டிக்குப் போடப்படுவது. ஓட்டுகிறவரின் பெயர் பாலிசியில் இருக்க வேண்டிய அவசியமில்லை. பாலிசியில் 'ஓட்டுநர் விதி' என்று ஒரு பகுதி வரும். அதன் சாரம் இதுதான்: காப்பீடு செய்தவர் உட்பட யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், விபத்து நடந்த நேரத்தில் அவரிடம் செல்லுபடியாகும் லைசன்ஸ் இருக்க வேண்டும், லைசன்ஸ் வைத்திருக்கத் தகுதியிழந்தவராக இருக்கக் கூடாது. மற்றவர்களுக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீட்டுப் பகுதியில் இன்னொரு வரியும் உண்டு. உரிமையாளரின் அனுமதியோடு ஓட்டுகிற எவருக்கும், அவரே பாலிசிதாரர் போல எல்லா நிபந்தனைகளையும் கடைப்பிடித்தால், கம்பெனி பாதுகாப்புத் தரும். இரவல் வாங்குகிறவருக்கு இந்த இரண்டு வரிகள்தான் ஆதாரம். பாதுகாப்பு வண்டியோடு வருகிறது, நிபந்தனைகள் உங்கள் தலையில் ஏறுகின்றன. உங்கள் உடம்புக்கு மட்டும் அதில் இடமில்லை. அதைத் தனியாகப் பார்க்கலாம்.

சாவிக்கு முன் பாலிசியைத் திறங்கள்

உரிமையாளரிடம் பாலிசி பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முதல் இரண்டு பக்கம் போதும். பார்க்க வேண்டியது முதலில் பாலிசி வகை. தேர்ட் பார்ட்டி மட்டுமா, இல்லை வண்டிச் சேதமும் சேர்ந்த ஃபுல் இன்சூரன்ஸா? தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால், நீங்கள் மோதுகிற ஆளுக்கும் அவர் பொருளுக்கும்தான் காப்பு. நீங்கள் ஓட்டுகிற கார் நசுங்கினால் ஒரு ரூபாய் வராது. பத்து வருடம் ஓடிய வண்டிகள் பலவற்றில் பிரீமியத்தை மிச்சம் பிடிக்க வெறும் தேர்ட் பார்ட்டிதான் போட்டு வைத்திருப்பார்கள்.

அடுத்தது தேதி. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார் வாங்கினால் தேர்ட் பார்ட்டியை மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஆனால் வண்டிச் சேதத்துக்கான காப்பு பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். அதாவது ஒரே பாலிசியில் இரண்டு முடிவுத் தேதிகள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்து "2027 வரை இருக்கு" என்று நிம்மதியாகக் கிளம்பாதீர்கள். அது தேர்ட் பார்ட்டி தேதியாக இருக்கலாம், வண்டிச் சேதக் காப்பு போன வருடமே முடிந்திருக்கலாம். பிடிஎஃப்பில் 'சொந்தச் சேதம்' என்ற வரிக்கு நேரே உள்ள தேதியைத் தனியாகப் பாருங்கள்.

இன்சூரன்ஸே இல்லாத வண்டியை எடுத்தால்? மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 146-வது பிரிவு, அப்படிப்பட்ட வண்டியை ஓட்டுகிறவரையும் ஓட்ட விடுகிறவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. 196-வது பிரிவின்படி முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் அபராதம் 4,000. சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கு 'எனக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்பிக்கச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. இரவல் வாங்கியவருக்கு அது இல்லை. அபராதம் கூடப் பரவாயில்லை. ஒரு உயிர்ச்சேதம் ஆகி, தீர்ப்பாயம் இழப்பீடு விதித்தால், ஓட்டியவரும் உரிமையாளரும் கையிலிருந்து கட்ட வேண்டும். உயிரிழப்பு, காயத்துக்கான தேர்ட் பார்ட்டி பொறுப்புக்கு உச்சவரம்பு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். பொருள் சேதத்துக்குத் தனியார் காருக்கு வழக்கமாக 7.5 லட்சம் வரை. சிலர் பிரீமியத்தில் சில்லறையை மிச்சம் பிடிக்க இதை 6,000 ரூபாயாகக் குறைத்திருப்பார்கள். ஒரு பைக்கின் முன்பக்கத்தை நொறுக்கினாலே அந்த 6,000 காணாமல் போகும். அந்த வரியையும் ஒரு பார்வை பாருங்கள்.

பாலிசியில் இருக்கும் பெயரும் ஆர்சி-யில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் பாலிசி இன்னும் பழைய ஓனர் பெயரிலேயே கிடக்கும். தேர்ட் பார்ட்டி காப்பு புது உரிமையாளருக்குத் தானாக மாறிவிடும் என்று 157-வது பிரிவு சொல்கிறது. வண்டிச் சேதக் காப்பு அப்படி மாறாது, கம்பெனியிடம் சொல்லி மாற்ற வேண்டும். மாற்றாத வண்டியை இடித்தால் க்ளெய்ம் விழுந்துவிடும். இறந்துபோனவர் பெயரிலேயே ஓடும் கார்களும் ஊருக்கு ஊர் உண்டு. பெரியப்பா காலமாகி ஒரு வருடம் ஆகியிருக்கும், மகன் வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பார், நீங்கள் இரவல் கேட்பீர்கள். பாலிசிதாரர் இறந்தால் பாலிசி மூன்று மாதம் வரை, அல்லது அதன் முடிவுத் தேதி வரை, எது முந்துகிறதோ அதுவரைதான் நிற்கும். அதற்குள் வாரிசு பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும்.

கேஸ் கிட் பொருத்திய வண்டி என்றால் அது ஆர்சி-யிலும் பாலிசியிலும் ஏறியிருக்கிறதா பாருங்கள். கிலோமீட்டர் கணக்கில் பிரீமியம் கட்டும் பாலிசிகள் 2022-க்குப் பிறகு வந்திருக்கின்றன. அப்படிப்பட்ட வண்டியில் நீங்கள் இரண்டாயிரம் கிலோமீட்டர் சுற்றிவிட்டு வந்தால், உரிமையாளரின் வருடக் கணக்கை நீங்கள் தின்றுவிடுவீர்கள். மாசுச் சான்றிதழ் இல்லையென்றால் போலீஸ் அபராதம் போடலாம். அதைக் காரணம் காட்டி மட்டும் விபத்து க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

லைசன்ஸ்

க்ளெய்ம் அடிபடும் இடங்களில் முதலிடம் இதற்குத்தான். பர்ஸில் அட்டை இருப்பது போதாது, அது விபத்து நாளில் உயிரோடு இருக்க வேண்டும். பழைய முறையில் லைசன்ஸ் 20 வருடம் அல்லது 50 வயது, எது முந்துகிறதோ அதுவரை. 2019 திருத்தத்துக்குப் பிறகு கணக்கே வேறு: 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை, 30 முதல் 50 வரை பத்து வருடம், 50 முதல் 55 வரை 60 வயது வரை, அதற்கு மேல் ஐந்தைந்து வருடம். முன்பு காலாவதியான பிறகும் 30 நாள் செல்லும் என்ற சலுகை இருந்தது. அதே திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். "இன்னும் ஒரு மாசம் ஓட்டலாம்பா" என்று சொல்கிறவர்கள் பழைய சட்டத்தில் வாழ்கிறார்கள். புதுப்பிக்க ஒரு வருடம் வரை அவகாசம் உண்டு. அந்த இடைவெளியில் ஓட்டலாம் என்று அதற்கு அர்த்தமில்லை.

அட்டையில் வண்டி வகை இருக்கும். காருக்கு 'எல்எம்வி' (இலகு ரக மோட்டார் வாகனம்) என்று இருக்க வேண்டும். டூவீலர் வகை மட்டும் உள்ள அட்டையோடு கார் ஓட்டினால், லைசன்ஸே இல்லாமல் ஓட்டியதற்குச் சமம். ஆட்டோமேட்டிக் காருக்கென்று தனி வகை தேவையில்லை.

எல்எல்ஆர் (பழகுநர் லைசன்ஸ்) வைத்திருப்பவர் ஓட்டலாமா? ஓட்டலாம், பாலிசியே அனுமதிக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 3-ஐப் பின்பற்ற வேண்டும். பக்கத்தில் நிரந்தர லைசன்ஸ் உள்ளவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' ஒட்டியிருக்க வேண்டும். பின்னணி 18 சென்டிமீட்டர் சதுரம், எழுத்தின் உயரம் குறைந்தது 10 சென்டிமீட்டர். பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கண்ணாடிக்குள் செருகுவதெல்லாம் விபத்துக்குப் பிறகு எடுக்கும் போட்டோவில் தெரியாது. தெரியாத 'எல்' இல்லாத 'எல்'தான்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணன் ஓட்ட ஆசைப்பட்டால், அந்நாட்டு லைசன்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும், இரண்டும் தேதிக்குள் இருக்க வேண்டும். அவருடைய பழைய இந்திய லைசன்ஸ் காலாவதியாகாமல் இருந்தால் அதுவே போதும்.

பதினாறு, பதினேழு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுப்பதைப் பற்றி இன்சூரன்ஸ் கோணத்தில் பேசவே தேவையில்லை. 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசன்ஸ் கிடைக்காது.

லைசன்ஸ் இல்லாதவர் ஓட்டி ஒருவரை மோதினால் என்ன ஆகும்? பாதிக்கப்பட்டவரை நடுத்தெருவில் விடாமல், கம்பெனி முதலில் பணத்தைக் கொடுக்கும்படி தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவது உண்டு. பிறகு அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும். 'கொடுத்துவிட்டு வசூல்' என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான கோட்டைப் போட்டது: உரிமையாளர் தெரிந்தோ அலட்சியத்தாலோ நிபந்தனையை மீறினார் என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். ஆகவே வண்டி கொடுக்கிறவருக்கு ஒரு வேலை இருக்கிறது. ஓட்டுகிறவரின் லைசன்ஸை டிஜிலாக்கரில் திறந்து காட்டச் சொல்லி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "நான் பார்த்துதான் கொடுத்தேன்" என்று வாயால் சொல்வதற்கும் தேதியோடு படம் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் சில லட்சங்கள்.

குடி விஷயத்தில் சலுகை எதுவும் இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185-வது பிரிவு பாயும். உரிமையாளருக்குத் தெரிந்து அனுமதியோடு ஓட்டியவர் போதையில் இருந்தால், வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது.

எதற்காக ஓட்டுகிறீர்கள்?

ஓன் போர்டு (வெள்ளைப் பலகை, சொந்த உபயோக) காரின் பாலிசி வாடகை, சரக்கு ஏற்றுவது, பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றை விலக்கி வைக்கிறது. நண்பரின் வெள்ளைப் போர்டு காரை நாளுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து எடுத்தால் அது இரவல் இல்லை, வாடகை. வாட்ஸ்அப் குரூப்களில் "செல்ஃப் டிரைவ் கிடைக்கும்" என்று ஓடும் பல வண்டிகள் இந்த ரகம். முறையான செல்ஃப் டிரைவ் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகை வண்டிக்குப் பணம் கொடுத்தீர்கள் என்பதை ஒரு யுபிஐ ரசீதை வைத்தே கம்பெனியின் புலனாய்வாளர் நிரூபித்துவிடுவார். 2010-ல் அமலேந்து சாகு வழக்கு போன்ற சில தீர்ப்புகளில் இத்தகைய க்ளெய்மை முழுதாக மறுக்காமல் ஒரு பகுதியாவது கொடுக்கச் சொன்னதுண்டு. அதற்கு உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

டீசல் போட்டுத் திருப்பிக் கொடுப்பதும், டோல் கட்டுவதும் வாடகை ஆகாது. ரசீது குறிப்பில் 'டீசல்' என்றே எழுதுங்கள், 'வண்டி வாடகை' என்று விளையாட்டாகக் கூட எழுதாதீர்கள். ஆக்டிங் டிரைவரை வைத்து ஓட்டுவதிலும் சிக்கல் இல்லை. அவருடைய லைசன்ஸை நீங்கள் பார்க்க வேண்டும், பாலிசியில் சம்பள டிரைவருக்கான சிறு கூடுதல் பிரீமியம் கட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நேபாளம், பூடான் என்று எல்லை தாண்டினால் பாலிசி அங்கேயே நின்றுவிடும். முன்கூட்டியே கூடுதல் பிரீமியம் கட்டி எல்லை நீட்டிப்பு வாங்கியிருக்க வேண்டும்.

உங்கள் உடம்புக்கு யார் பொறுப்பு?

இரவல் வண்டியில் பெரிய ஓட்டை இதுதான், பலருக்கும் தெரியாததும் இதுதான். பாலிசியில் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு என்று ஒரு வரி இருக்கும். அது 'உரிமையாளர்-ஓட்டுநர்' என்பவருக்கு. ஆர்சி-யிலும் பாலிசியிலும் பெயர் உள்ளவர், லைசன்ஸ் உள்ளவர், அவர் ஒருவருக்குத்தான். கம்பெனி பெயரில் உள்ள காருக்கு அந்த வரியே இருக்காது.

சரி, தேர்ட் பார்ட்டி என்று கேட்கலாமே என்றால், அங்கேயும் கதவு மூடியிருக்கிறது. 2009-ல் நிங்கம்மா வழக்கு. இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் போனவர், முன்னால் போன மாட்டுவண்டியில் மோதி இறந்தார். இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்துக்கே வந்துவிடுகிறார், ஆகவே அந்த வண்டியின் பாலிசிக்கு அவர் மூன்றாம் நபர் ஆக மாட்டார் என்றது உச்ச நீதிமன்றம். 2020-ல் ராம்கிலாடி வழக்கிலும் அதே நிலைப்பாடு. அதில் குடும்பத்தார் செய்த தவறு கவனிக்கத்தக்கது. தவறு எதிரே வந்த வண்டி மீது இருந்தும், அதன் உரிமையாளரையும் கம்பெனியையும் சேர்க்காமல், இறந்தவர் ஓட்டிய வண்டியின் கம்பெனியிடம் மட்டும் கேட்டார்கள். கடைசியில் பாலிசியில் இருந்த விபத்துக் காப்புத் தொகை 1 லட்சம் மட்டுமே கிடைத்தது. எதிர் வண்டியின் தவறு என்றால் அதன் பாலிசிக்கு நீங்கள் முறையான மூன்றாம் நபர். மனுவை அங்கே திருப்ப வேண்டும்.

நீங்களே தவறு செய்தால்? உங்கள் பெயரில் உள்ள மருத்துவக் காப்பீடும் தனிநபர் விபத்துப் பாலிசியும் மட்டுமே துணை. அடிக்கடி அடுத்தவர் வண்டியை ஓட்டுகிறவர்கள் தனிநபர் விபத்துப் பாலிசி ஒன்றை எடுத்து வைப்பது வீண் செலவு இல்லை. அது எந்த வண்டியில் போனாலும் கூடவே வரும்.

உடன் வருகிறவர்கள் விஷயம் பாலிசி வகையைப் பொறுத்தது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் தனியார் காரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் பொறுப்புக் காப்பு நீளும். 2012-ல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வேறுபாடு இது. சட்டத்துக்காகப் போட்ட வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் அந்த நீட்சி இல்லை. தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள காரில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு திருமணத்துக்குப் போவதற்கு முன் இதை ஒரு முறை யோசியுங்கள்.

இன்னொரு சின்னக் கண்ணி: காரைத் திருப்பிக் கொடுக்கும்போது உரிமையாளர் வீட்டு கேட்டையே இடித்துவிட்டீர்கள். கேட் பாலிசிதாரரின் சொந்தப் பொருள் என்பதால் தேர்ட் பார்ட்டியில் வராது. காருக்குள் வைத்த உங்கள் லேப்டாப் திருடுபோனாலும் அதேதான்.

இரவல் காரில் அடிக்கடி நடப்பது, பாலிசியில் வராதது

டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிடுவது. சொந்தப் பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர் வாய் தவறிச் சொல்லிவிடுவார். இது விபத்தில் சேராது, தனி ஆட்-ஆன் (கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கும் காப்பு) இல்லாவிட்டால் உங்கள் செலவு. மூடியின் உட்புறம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு பம்ப்பில் நில்லுங்கள். தவறு நடந்துவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள். டேங்கைக் காலி செய்தால் செலவு ஆயிரங்களில் முடியும். ஸ்டார்ட் செய்தால் பம்பும் இன்ஜெக்டரும் போகும்.

மழைத் தண்ணீரில் எஞ்சின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்வது. காற்றை அழுத்தும் இடத்தில் தண்ணீர் புகுந்திருக்கும். தண்ணீர் அழுந்தாது, கனெக்டிங் ராடு வளையும். வெள்ளச் சேதம் பாலிசியில் உண்டு. ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் விளைவுச் சேதம் என்று ஒதுக்கப்படும், எஞ்சின் ஆட்-ஆன் இருந்தால்தான் தப்பும். வண்டியைத் தள்ளி ஓரம் கட்டி, டோவிங் வண்டியில் ஏற்றுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னொன்று: ஸ்பீடு பிரேக்கரிலோ கல்லிலோ அடிபட்டு ஆயில் சம்ப் உடைவது. எண்ணெய் ஒழுகுவதைப் பார்க்காமல் இருபது கிலோமீட்டர் ஓட்டினால் எஞ்சின் இறுகிவிடும். சம்ப்புக்குப் பணம் வரும். பழுது பார்க்காமல் ஓட்டியதால் கூடிய சேதம் உரிமையாளர் பாடு என்று பாலிசி தெளிவாகச் சொல்கிறது.

டயர் மட்டும் கிழிந்தால் கிடையாது. வண்டியோடு சேர்ந்து சேதமானால் பாதி. அடிப்படைப் பாலிசியில் டோவிங் செலவுக்கு 1,500 ரூபாய்தான் வரம்பு.

எடுக்கும்போதும், இடித்த பிறகும்

சாவி வாங்கும்போது காரைச் சுற்றி ஒரே வீடியோ, கிலோமீட்டர் தெரியும்படி ஒரு படம். பிறகு உரிமையாளரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வரி: "என் காரை இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இன்னார் ஓட்டச் சம்மதம்." வழியில் போலீஸ் நிறுத்தினாலும், பின்னால் அனுமதி பற்றிக் கேள்வி வந்தாலும் அந்த ஒரு வரி போதும். ஆர்சி-யும் பாலிசியும் டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகனில் இருந்தால் சட்டப்படி செல்லும். உரிமையாளரின் ஃபோனில் அவை இருந்து உங்களுக்கு என்ன பயன்? உங்கள் எம்பரிவாகனில் பகிரச் சொல்லுங்கள்.

விபத்து நடந்துவிட்டால் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி முதலில். ஓடிப்போவது வழக்கை இரட்டிப்பாக்கும். 134-வது பிரிவு ஓட்டியவருக்குத்தான் கடமை விதிக்கிறது: மருத்துவ உதவி, அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தகவல், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தகவல். யாருக்கும் காயமில்லாமல் வண்டி மட்டும் நசுங்கியிருந்தாலும், நம்பர் பிளேட் தெரியும்படி படங்கள் எடுத்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். உரிமையாளர் அன்றே கம்பெனியின் கட்டணமில்லா எண்ணில் க்ளெய்ம் எண் வாங்க வேண்டும். பாலிசிதாரர் அவர் என்பதால் க்ளெய்ம் அவர் பெயரில்தான் போகும். கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்ப்பதற்கு முன் ஷெட்டில் எதையும் கழற்ற விடாதீர்கள். மூன்றாம் நபருக்கு அடிபட்டிருந்தால் ஸ்டேஷனில் புகாரைப் பெற்றதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்பி வராதீர்கள், எஃப்ஐஆர் நகல் கேளுங்கள். ரோட்டிலேயே "நான்தான் தப்பு, முழுப் பணமும் தர்றேன்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். கம்பெனியின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்பது பாலிசி நிபந்தனைக்கு விரோதம்.

உரிமையாளர் பாசத்தில் சொல்லக்கூடிய ஒன்றை மட்டும் ஏற்காதீர்கள்: "நான் ஓட்டினேன்னே எழுதிடலாம்." உங்களிடம் சரியான லைசன்ஸ் இருந்தால் அந்தப் பொய்க்குத் தேவையே இல்லை, யார் ஓட்டினாலும் பாலிசி ஏற்கும். பொய் சொன்னால், ஆஸ்பத்திரி ஏஆர் காப்பியில் (விபத்துப் பதிவேட்டு நகலில்) ஓட்டியவர் பெயர் இருக்கும், டோல்கேட் கேமராவில் முகம் இருக்கும், ஃபோன் டவர் வேறு ஊரைக் காட்டும். சரியாக வந்திருக்க வேண்டிய க்ளெய்ம், தவறான தகவல் என்ற ஒரே காரணத்தால் விழும்.

க்ளெய்ம் போடலாமா, கையிலிருந்து கொடுக்கலாமா?

இதற்குக் கணக்குப் போட வேண்டும். பின் பம்பர் உடைந்திருக்கிறது என்று வையுங்கள். பம்பர் 8,000, பெயிண்ட் 4,000, கூலி 1,500, ஆக 13,500. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத) ஆட்-ஆன் இல்லாத பாலிசி. பிளாஸ்டிக்கில் பாதி கழியும், 4,000 போச்சு. பெயிண்ட் பில்லில் கால் பங்கைப் பொருளாகக் கொண்டு அதில் பாதி, அதாவது 500 கழியும். கட்டாயக் கழிவு (ஒவ்வொரு க்ளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை) 1500 சிசி வரை 1,000, அதற்கு மேல் 2,000. சின்ன கார் என்றால் கடைசியில் கம்பெனி தருவது 8,000.

இப்போது மறுபக்கம். உரிமையாளருக்கு 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் போடாத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) இருக்கிறது. வண்டிச் சேதப் பிரீமியம் 12,000 என்றால் அவர் 6,000 கட்டிக்கொண்டிருந்தார். ஒரே க்ளெய்மில் போனஸ் பூஜ்ஜியம். அடுத்த வருடம் 12,000. பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி 50-க்குத் திரும்புவதற்குள் அவர் கூடுதலாகக் கட்டுவது 6,000, 3,600, 3,000, 1,800, 600, மொத்தம் 15,000. வண்டி பழசாகும்போது பிரீமியமும் குறையும் என்பதால் நிஜத்தில் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் 8,000 வாங்குவதற்காக 15,000-ஐ விடுகிற கணக்கு. பேசாமல் 13,500-ஐ நீங்கள் கொடுத்துவிடுவது இருவருக்கும் லாபம். கதவும் பானட்டும் சேர்ந்து நசுங்கி பில் அறுபதாயிரம் என்றால் க்ளெய்ம்தான் சரி. அப்போது கம்பெனி தராத மிச்சத்தையும், போனஸ் இழப்பையும் ஓட்டியவர் ஏற்பதுதான் நியாயம். பாலிசியில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை, வாங்கும்போதே பேசிவிடுங்கள்: "சின்ன அடி என்றால் என் காசு, பெரிய அடி என்றால் க்ளெய்ம், மிச்சம் என்னுடையது." போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் இருந்தால் கணக்கு மாறும், முதலில் அதைக் கேளுங்கள்.

வண்டி திருடுபோனால் நூறு வேலையை விட்டுவிட்டு அன்றே எஃப்ஐஆர். உங்களிடம் உள்ள சாவியை எங்கும் தொலைத்துவிடாதீர்கள். கம்பெனி இரண்டு சாவியையும் கேட்கும், ஒன்று குறைந்தால் வண்டியில் சாவியை விட்டுவிட்டுப் போனார்கள் என்ற சந்தேகம் கிளம்பும். போலீஸ் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று அறிக்கை தந்த பிறகே பணம் நகரும். மாதக் கணக்கில் ஆகும்.

க்ளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த நிபந்தனையை மீறியதாகச் சொல்கிறார்கள் என்று அதில் இருக்கும். உரிமையாளர் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். 30 நாளில் திருப்தியான பதில் இல்லையென்றால் ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (கம்பெனிக்கு வெளியே உள்ள குறைகேட்பு அதிகாரி) போகலாம். 50 லட்சம் வரை அவர் விசாரிக்கலாம், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. மனுவை உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும். ஓட்டியவர் தன் லைசன்ஸ் நகல், அனுமதி வாட்ஸ்அப், விபத்து நாள் படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு அவருக்கு அனுப்பி வைக்க வேண்டும்.